கிழக்கே இருந்து வந்த மேகம்

டீச்சருக்குப் பாராட்டு விழா, அதற்கு ஒரு மலர், மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம், ‘மறக்க முடியாத பள்ளிக்கூட நினைவு’ என்று நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். நான் குழுவில் பேசுகிறவள் இல்லை. கும்பிடுகிற கை படத்தைக்கூட ஒரு நாளும் போட்டதில்லை. அதனால் இதையும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

போன வாரம் மதுரை முழுக்க மேகம் மூடிக் கிடந்தது அல்லவா. தை மாதத்தில் காலை பத்து மணிவரை வெயிலைக் காணோம். குழுவில் ஆளாளுக்கு மொட்டை மாடியிலிருந்து படம் எடுத்துப் போட்டீர்கள். ‘நம்ம ஊரு ஊட்டி ஆயிருச்சு’ என்று ஒருவர். ‘சூடா ஒரு காபி, மேகம், வேற என்ன வேணும்’ என்று இன்னொருவர். நான் கப்பலூருக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு அதையெல்லாம் பார்த்தேன். எனக்கு அந்த மேகத்தைப் பார்த்தால் காபி ஞாபகம் வராது.

அன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. நம் வகுப்பில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், இப்போது உரக்கடை வைத்திருக்கிறார், அவர்தான்.

“ஏ மேகக்காரி! நல்லாருக்கியா? எல்லாரும் எழுதிக் குடுத்தாச்சு. நீ எழுதாட்டி எப்படி? டீச்சரோட மேகப் பாடமே உன்னைய வச்சுத்தான!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மனசாரத்தான் சிரித்தார். நாற்பது வருசம் கழித்தும் அந்தப் பேரை ஞாபகம் வைத்திருப்பதில் அவருக்கு ஒரு சந்தோசம்.

“எழுதறேண்ணே” என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஆனாலும் வாயில் அண்ணே என்றுதான் வந்தது.

எழுதிவிட்டேன். ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. மலருக்கு ஆகாது என்றால் போடவேண்டாம். ஆனால் ஒரு தரம் எல்லாரும் வாசித்துவிடுங்கள். உரக்கடைக்காரரே, உங்கள் அப்பாவும் இதில் வருகிறார்.

*

உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஊருக்குள் வீடு. எங்களுக்கு ரைஸ் மில்லில் வீடு. ஊருக்கு மேற்கே ஓடையைத் தாண்டி, பேரையூர் போகிற ரோட்டோரம் இருந்தது அந்த மில். பின்பக்கம் நெல் காயப்போடுகிற களம். களத்தின் ஓரத்தில் ஒரு தகர ஷெட். அதில் நானும் அம்மாவும். அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே செத்துப்போனார். அம்மாவுக்கு நெல் அவிக்கிற வேலை. வேலை இருக்கிறவரைக்கும்தான் ஷெட். இதை யாரும் எங்களிடம் எழுதிக் காட்டவில்லை, ஆனால் எனக்கு அது ஐந்து வயதிலேயே தெரியும்.

நெல் அவிக்கிறது எப்படி என்று இன்றைக்குச் சொன்னால்தான் தெரியும். முந்தின நாள் நெல்லைத் தொட்டியில் ஊறப்போட வேண்டும். விடிகிற நேரத்தில் அடுப்பில் உமியைத் தள்ளிப் பற்றவைத்து, ஆள் உயரத்து அண்டாவில் அவிக்க வேண்டும். நெல் வாய் பிளக்கிற பதத்தில் இறக்கிக் களத்தில் பரப்ப வேண்டும். பிறகு வெயிலோடு சேர்ந்து நடக்க வேண்டும். அம்மா காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடப்பாள். நெல்லில் இரண்டு இரண்டு கோடாக விழும். போன கோட்டுக்குக் குறுக்கே அடுத்த கோடு. மத்தியானத்துக்குள் களம் முழுக்கக் கட்டம் போட்ட துணி மாதிரி இருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதே கோட்டில் நடப்பேன். உள்ளங்கால் வெந்துபோகும். அவித்த நெல் வாடை எங்கள் போர்வையில், என் பாவாடையில், என் புத்தகத்தில் எல்லாம் இருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்தினாள். அவளும் இந்தக் குழுவில் இருக்கிறாள். நேற்று மல்லிகைப்பூப் படம் போட்டிருந்தாள்.

எங்களுக்கு வேண்டியது வெயில். அது ஒன்றுதான். ஒன்றரை நாள் நல்ல வெயில் இல்லையென்றால் அவித்த நெல் புளித்துவிடும். அப்புறம் அந்த அரிசியை மாடுகூட முகராது.

ஊர்க்காரர்களுக்கு வேண்டியது பனி. நம் பக்கத்துக் கரிசலில் மழை முடிகிற நேரத்தில் மல்லி விதைப்பார்கள். கொத்தமல்லி. மழை நின்றதும் அதற்குத் தண்ணீர் பாய்ச்ச யாரும் இல்லை. மார்கழியும் தையும் இறங்குகிற பனிதான் அதற்குத் தண்ணீர். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் ராத்திரி பனி கொட்டும். காலையில் காட்டுக்குள் நடந்தால் முழங்கால்வரை நனையும். வானத்தில் மேகம் மூடினால் பனி இறங்காது. பூத்திருக்கிற மல்லியில் பேன் மாதிரி பச்சைப் பூச்சி அப்பும். பூ கருகும். மேகம் நின்று மழையும் பெய்யாமல் பனியும் விழாமல் இருந்தால் அந்த வருசம் போச்சு.

ஆக, களத்துக்கும் காட்டுக்கும் ஒரே எதிரிதான். தை மாதத்து வறட்டு மேகம். இதை நான் இப்போது இரண்டு வரியில் எழுதிவிட்டேன். அந்த வருசம் ஊரில் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை.

*

மேகப் பாடம் நடந்தது மார்கழியில், அரைப் பரீட்சை லீவுக்கு முன்னால். டீச்சர் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கையில் கறுப்புக் குடை, ஒயர் கூடை. அன்றைக்குக் கூடையில் பம்ப் ஸ்டவ் வந்தது. ஸ்டவ்வில் கெட்டிலை வைத்துத் தண்ணீர் கொதிக்கவிட்டார். எவர்சில்வர் தட்டை ஆவிக்கு மேலே பிடித்தார். தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தது.

“பாத்தீங்களா? இதுதான் மேகம். ஆவி மேல போகுது, குளுந்து போயி மறுபடியும் தண்ணியாகுது” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. நமக்குக் கெட்டிலே புதுசு. டீச்சர் சுற்றிப் பார்த்தார். கண் என்மேல் விழுந்தது.

“இவ அம்மா மில்லுல நெல் அவிக்கிறாங்கல்ல? அண்டாவுல இருந்து ஆவி புசுபுசுன்னு மேல போகுமே, பாத்திருக்கீங்களா? அந்த ஆவிதான் மேல போயி மேகமாகுது. அவ்வளவுதான்!”

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். ஐந்து வருசத்தில் முதல் தடவை. மூக்கைப் பொத்துகிறவளும் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. வெட்கம்தான், ஆனால் வேண்டாத வெட்கம் இல்லை.

படம் வரையச் சொன்னார். நீங்களெல்லாம் கெட்டில் வரைந்தீர்கள். நான் அண்டா வரைந்தேன். பக்கத்தில் அம்மா, மஞ்சள் சேலையில். அண்டாவிலிருந்து மேலே அம்புக்குறி, அம்புக்குறி முடிகிற இடத்தில் பெரிய மேகம். டீச்சர் சிவப்பு மையில் பக்கத்தின் பாதிக்குச் சரி போட்டார். ‘மிக நன்று’ என்று எழுதினார்.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. படத்தைப் பார்த்துவிட்டு, “சேலையில கரை போடலியே” என்றாள். பிறகு மேகத்தின்மேல் விரலை வைத்து, “இது என்னாடி?” என்றாள்.

“நீ செய்யிற மேகம்மா. டீச்சர் சொன்னாங்க.”

“நானா செய்றேன்?” என்று சிரித்தாள். அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வேலையில் கையில் கொப்புளமும் தலையில் உமிக்கரியும் தவிர இன்னொன்றும் வருகிறது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.

*

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மேகம் வந்தது.

வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. காலையில் எழுந்தபோது மேலே இருந்தது. மழை மேகம் மாதிரி கறுத்து, திரண்டு, இடித்துக்கொண்டு வந்தால் அதோடு ஒரு மரியாதை உண்டு. இது அழுக்குப் போர்வை. மடிப்பில்லை, ஓரமில்லை. மத்தியானம் கொஞ்சம் வெளுக்கும், சூரியன் பழைய ஒரு ரூபாய்க் காசு மாதிரி உள்ளே தெரியும், மறுபடியும் மூடும். குளிரும் இல்லை, சூடும் இல்லை. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் ஈரமாகத் தொங்கியது.

அம்மா அவித்த நெல்லைப் பரப்பினாள், இழுத்து நடந்தாள், சாயந்திரம் குவித்துப் படுதா போட்டாள். மறுநாள் படுதாவை விலக்கினால் புளித்த வாடை அடித்தது. மில்காரர் ஒரு கைப்பிடி நெல்லை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தரையில் எறிந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாதபோதுதான் பயப்பட வேண்டும்.

காட்டில் மல்லிப் பூ கருகத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது.

“ஏ மேகக்காரி, உங்காத்தாகிட்டச் சொல்லி இன்னைக்கு வெயிலு போடச் சொல்லுடி!”

“அம்புட்டு ஆவியும் இவ வீட்டுலருந்துதான். கிட்ட போகாதீக, நனைஞ்சு போவீக!”

ஒருத்தன் என் பின்னால் வந்து தலைக்கு மேல் தட்டைப் பிடித்தான். எல்லாரும் சிரித்தார்கள். யார் என்று எழுதவில்லை. அவனுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, விளையாட்டு மாறியது. “எங்கப்பா சொல்லுச்சு, உங்க மில்லு அடுப்பு எரியிறவரைக்கும் மேகம் போகாதாம்” என்று ஒரு பிள்ளை சொன்னாள். அவள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். பெல் அடித்ததும் மேசைகிட்டப் போய் நின்றேன். வாய் வரவில்லை. பின்பெஞ்சில் இருந்து யாரோ, “டீச்சர், மேகக்காரிக்கு ஏதோ சொல்லணுமாம்” என்று கத்தினார்கள்.

டீச்சர் சிரித்துவிட்டார். “என்னடி மேகக்காரி? எனக்கும் மூணு நாளா துணி காயல. ஒங்க அம்மாவ ரெண்டு நாளு லீவு போடச் சொல்லேன்.”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. டீச்சர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு மத்தியானம் சில நாள் அவர் டப்பாவில் இருந்த முட்டையைக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த ஒரு வார்த்தை அன்று சாயந்திரமே நாற்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சிரிப்பு கூடப் போகவில்லை. வார்த்தை மட்டும்தான் போனது.

அன்றைக்குத்தான் உரக்கடைக்காரரே, நீங்கள் என் நோட்டைக் கேட்டீர்கள். “படம் வரையல, தா. திங்கக்கெழம தாரேன்” என்றீர்கள். என்னிடம் யாரும் நோட்டு கேட்டதில்லை. கொடுத்தேன். சந்தோசமாகக் கொடுத்தேன்.

*

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அந்த நாட்களில் ஒரு விசயம் தெரிந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. களத்தில் உட்கார்ந்து மேலே பார்த்துப் பார்த்துத் தெரிந்தது.

எங்கள் அண்டா ஆவி உயரமாகப் போனதே இல்லை. களத்தோரம் ஒரு புளியமரம் இருந்தது. அதன் பாதிக் கிளைவரை ஆவி வெள்ளையாகப் போகும். அதற்கு மேலே காணாமல் போகும். ஒரு நாளும் உச்சிக் கிளையைத் தொட்டதில்லை. மார்கழியில் கண்மாய்த் தண்ணீர்மேல் நிற்கிற மூடுபனியையும் பார்த்திருக்கிறேன். வெயில் ஏற ஏற அது தரையை விட்டு எழுந்து, துண்டு துண்டாகிக் கரையோரத்து வேலிமரத்துக்கு மேலேயே கரைந்துபோகும். இம்புட்டுப் பெரிய கண்மாயால் ஒரு மேகத்தை உண்டாக்க முடியவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். அந்த மேகம் நகர்ந்துகொண்டே இருந்தது. நின்ற மாதிரித் தெரிந்தாலும் நிற்கவில்லை. களத்தில் மல்லாந்து படுத்துப் புளியமரத்துக் கிளையோடு வைத்துப் பார்த்தால் தெரியும். ஊருக்குக் கிழக்கே இருந்த பள்ளிக்கூடத்துச் சர்ச் சிலுவைக்குப் பின்னாலிருந்து வரும், ஊருக்கு மேலே வரும், எங்கள் களத்துக்கு மேலே வரும், மேற்கே மலையைப் பார்த்துப் போகும். முகத்தில் ஈரமான காற்று அடிக்கும். அதுவும் அந்தப் பக்கத்திலிருந்துதான். பெரியவர்கள் அதைக் கொண்டல் காற்று என்பார்கள். கடல் பக்கத்துக் காற்று. பேர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

மேகம் கிழக்கே இருந்து வந்தது. எங்கள் மில் மேற்கே இருந்தது. எங்கள் ஆவிதான் மேகம் என்றால் அது மலைக்குப் போயிருக்க வேண்டும். ஊர்ப்பக்கம் எப்படி வரும்?

பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விசயம் இது. இதை ஒரு ஆள் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டால் போதும். அந்த ஒரு வாக்கியம் என் வாயில் ஒரு வாரம் இருந்தது.

*

ஒன்பதாம் நாள் காலையில் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. எட்டுப் பத்துப் பேர் இருக்கும். முன்னால் உரக்கடைக்காரரின் அப்பா. அவருக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் முழுக்க மல்லிக்காடு. கையில் என் நோட்டு. அடுப்பு அப்போது நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அண்டா வாயைச் சுற்றி ஆவி.

“ஏத்தா, இங்க வா. இது என்னா?” நோட்டை விரித்துப் பிடித்தார்.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “எம்மக வரைஞ்ச படம்ங்கய்யா.”

“அண்டா ஒன்னோட அண்டா. இந்தா நிக்கிறது நீயி. ஆவி மேல போகுது, மேகமா நிக்கிது. கீழ என்னா போட்டுருக்கு பாத்தியா? சரி! செவப்பு மையில!”

“வாத்தியாரம்மா பொய்யாவா போடும்?” என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

“சேலகூட மஞ்சளாத்தான் போட்டுருக்கு மாப்ள, ஆளுல சந்தேகமே வேணாம்.” சிலர் சிரித்தார்கள்.

வந்தவர்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்புச் சரி என்றால் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளின் நோட்டில் அதைத் தேடித்தான் அவர்கள் அடிப்பதும் அடிக்காமல் விடுவதும். அதை எதிர்த்துப் பேச முடியாது.

அம்மா பேசினாள். நான் நினைத்ததைவிட நன்றாகவே பேசினாள். “வருசம் பூராம் அவிக்கிறேனேய்யா. வருசம் பூராமா மேகம் நிக்கிது?”

“வருசம் பூராமா மல்லி பூக்குது?” என்றார் அவர். ஏதோ பதில் மாதிரி இருந்தது. எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

“எனக்கும் வெயிலுதான்யா வேணும். இந்தா பாருங்க, மோந்து பாருங்க, நெல்லு புளிச்சுக் கெடக்கு.” ஒரு கை நெல்லை அள்ளி நீட்டினாள். யாரும் முகரவில்லை.

“அப்ப ரெண்டு பேத்துக்கும் நல்லதுதான? அடுப்ப அமத்து.”

“மொதலாளி சொல்லாம நான் எப்பிடிங்கய்யா அமத்துவேன்?”

மில்காரர் மில் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவருக்கு எதிரே பேச இவர்களில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. அவர் மில். அவர் அண்டா. அவர் உமி. ஆனாலும் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவரும் இறங்கி வரவில்லை.

உரக்கடைக்காரரின் அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் நெல் குவியலுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

“ஏ புள்ள, இங்க வா. பயப்படாத. நீதான வரைஞ்ச?”

தலையாட்டினேன்.

“நீயா வரைஞ்சியா, டீச்சர் சொன்னாகளா?”

“டீச்சர் சொன்னாங்க.”

“அண்டாவுல போற ஆவிதான் மேகமாகுதுன்னு சொன்னாகளா, இல்லையா? வாயத் தொறந்து சொல்லு.”

மேலே பார்த்தேன். சிலுவைப் பக்கமிருந்து அது வந்துகொண்டேதான் இருந்தது. கையை நீட்டிக் காட்டினால் போதும். ‘அந்தா பாருங்க, அங்கிருந்து வருது’ என்றால் போதும். அத்தனை ஆண்கள். அத்தனை கண்கள். அம்மாவும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா” என்றேன்.

பிறகு அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு பேர் ஊறல் தொட்டியில் இருந்து குடம் குடமாகத் தண்ணீர் மொண்டு அடுப்பு வாயில் ஊற்றினார்கள். நான் அதுவரைக்கும் கேட்டிராத சத்தம். குபீர் என்று வெள்ளையாக எழுந்தது. உமிச் சாம்பலும் ஆவியும் சேர்ந்து எங்கள் ஷெட், புளியமரம், எல்லாவற்றையும் மறைத்தது. அம்மா இருமிக்கொண்டே பின்னால் வந்தாள். அந்த ஆவி என்றைக்கும் இல்லாத உயரத்துக்குப் போனது, உச்சிக் கிளையைத் தாண்டிப் போனது. வந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“பாத்தியா, எப்பிடிப் போயி ஒட்டிக்கிருது பாத்தியா!” என்று ஒருவர் கத்தினார்.

அணைக்கப் போனவர்கள்தான் அந்தக் களத்தில் அதுவரை எழுந்ததிலேயே பெரிய மேகத்தைச் செய்தார்கள். பார்த்துவிட்டு நிரூபணம் கிடைத்த மாதிரித் திரும்பிப் போனார்கள். நோட்டை அவர் மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

*

மில்காரர் மத்தியானம் வந்தார். “ஊர்ப்பகை நமக்கு எதுக்கு? கொஞ்ச நாளைக்கு அடுப்பு வேணாம். நீயும் வேற எடம் பாத்துக்க” என்றார். அப்போது நான் ஊர்க்காரர்களுக்குப் பயந்துதான் அவர் அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. களத்தில் மூட்டை மூட்டையாகப் புளித்த நெல் கிடந்தது. அந்தப் பழியைப் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஊர் தேடிக் கொடுத்தது.

மூன்றாம் நாள் அரிசி லாரியில் எங்களை ஏற்றிவிட்டார்கள். ஒரு தகரப்பெட்டி, இரண்டு பானை, போர்வை. அம்மா நெல் தள்ளுகிற பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அது மில்லுடையது என்று டிரைவர் வாங்கி வைத்துவிட்டார்.

லாரி ஓடையைத் தாண்டும்போது அம்மா கேட்டாள். “டீச்சர் அப்பிடித்தான் சொன்னாங்களா?”

“ஆமாம்மா.”

திரும்பி மில் பக்கம் பார்த்தாள். பிறகு, “அப்பச் சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

அவளும் நம்பிவிட்டாள்.

மதுரையில் ஆனையூர்ப் பக்கம் ஒரு கட்டட வேலையில் அம்மா சித்தாளாகச் சேர்ந்தாள். அங்கிருந்து பார்த்தாலும் அதே மேகம்தான். அடுப்பு அணைந்த நாளிலிருந்து நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அடுப்பில் தீ இல்லை, அண்டாவில் நெல் இல்லை, அவிக்க ஆள் இல்லை. மேகம் நின்றது. ஏழு நாள் நின்றது. எட்டாம் நாள் காற்று வடக்கே திரும்பியது, வானம் துடைத்த மாதிரி ஆனது. அந்த ஏழு நாளும் நீங்கள் எல்லாரும் அந்த ஊரில்தான் இருந்தீர்கள். உங்கள் அப்பாக்களும் இருந்தார்கள். டீச்சரும் தினமும் பஸ்ஸில் குடையோடு வந்து போனார். யாருக்கும் எண்ணத் தோன்றவில்லையா? அடுப்புதான் அணைந்துவிட்டதே, இன்னும் ஏன் மேகம் என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லையா? மேகம் போன பிறகு என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ‘அவளப் பத்திவிட்டதும்தான் தெளிஞ்சுச்சு.’ பல வருசம் கழித்து, திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நம் ஊர்க்காரர் ஒருவர் என்னிடமே அதைச் சொன்னார், நான் யார் என்று தெரியாமல்.

அம்மா செத்து இரண்டு வருசம் ஆகிறது. ஆனையூரில் என் வீட்டில்தான் இருந்தாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. தை மாதத்தில் மேகம் போட்டால், இட்லிச் சட்டியை அடுப்பில் வைத்ததும் போய்ச் சமையலறை ஜன்னலைச் சாத்திவிடுவாள். உள்ளே புழுங்கும். சுவரெல்லாம் வியர்க்கும். என் மகள் கத்துவாள். அம்மா திறக்கமாட்டாள். கொசுவுக்கு என்று நினைத்தேன். குளிருக்கு என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

“ஏம்மா சாத்துற?”

“ஆவி வெளிய போக வேணாம்” என்றாள்.

அப்போதுகூட நான் சொல்லவில்லை. ‘அம்மா, அது கிழக்கே இருந்து வந்துச்சும்மா’ என்று சொல்லியிருக்கலாம். சமையலறையில் இரண்டே பேர்தான் இருந்தோம். யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முப்பது வருசத்துக்கு மேல் ஒரு வாக்கியத்தை வாயில் வைத்திருந்தால் அது எப்படி வெளியே வருவது என்பதே மறந்துவிடும் போலிருக்கிறது. நான் ஜன்னலைத் திறக்காமல் நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

விழாவில் டீச்சருக்குப் பொன்னாடை போர்த்துங்கள். வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நான் வரமாட்டேன். மேகப் பாடத்தைப் பற்றி யாராவது மேடையில் பேசினால், பேசுவீர்கள், அப்போது இந்தப் பக்கத்தையும் அவர் காதில் விழுகிற மாதிரி வாசியுங்கள். உரக்கடைக்காரரே, உங்கள் வீட்டுப் பரணில் எங்காவது அந்த நோட்டு இருந்தால் எனக்கு வேண்டாம். டீச்சரிடம் கொடுங்கள். படத்தில் நான் அம்புக்குறியைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். அவர் தப்புக்குச் சரி போட்டிருக்கிறார். இன்னும் கையில் சிவப்புப் பேனா பிடிக்க முடிந்தால், அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் இதை எழுதச் சொல்லுங்கள்:

மேகம் கிழக்கே இருந்து வந்தது. எங்கள் மில் மேற்கே இருந்தது.